அட்டவணையில் எண்களை நிரல்படுத்துதல்

புள்ளிவிவர அட்டவணையின் நோக்கம் ஒப்பீடு. சொற்செயலியில் அட்டவணை அமைக்கும்போது எண்கள் பொதுவாக இடப்பக்கம் ஒட்டியே நிற்கும். இவ்வமைப்பு ஒப்பீட்டுக்கு இடையூறாகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை 19,98,12,341, சிக்கிமில் 6,10,577, இலட்சத்தீவில் 64,473. இவை இடப்பக்கம் ஒட்டி நின்றால், சிக்கிமின் ஆறு இலட்சத்திற்கு நேர்கீழே இலட்சத்தீவின் அறுபதாயிரம் அமைந்து, இரண்டும் வெறும் 6 எனவே தோன்றும். வலப்பக்கம் ஒட்டினால் ஆயிரத்தின் கீழ் ஆயிரமும் இலட்சத்தின் கீழ் இலட்சமும் அமையும். எண்ணின் நீளமே அதன் அளவை உணர்த்தும்.

தசம எண்களுக்குப் புள்ளியே அச்சாகும். தசம இடங்கள் எல்லா வரிசைகளிலும் சமமாயின் வலப்பக்கம் ஒட்டுதலே போதுமானது. வேறுபடுமாயின், சொற்செயலியின் அளவுகோலில் ‘டெசிமல் டேப்’ அமைத்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்கும். இடைவெளிக் கட்டையைத் தட்டி நேர்செய்தல் கூடாது; எழுத்துரு மாறினால் எண்களும் இடம்பெயரும்.

வேறு மூன்று விதிகளும் கருதத்தக்கவை:

1. அலகைத் தலைப்பில் ஒருமுறை குறித்தல் வேண்டும்.
2. இலட்சம், கோடி முறையையும் மில்லியன் முறையையும் ஒரே அட்டவணையில் கலத்தலாகாது.
3. சுழியத்தையும் விவரம் கிடைக்காமையையும் வெவ்வேறு குறிகளால் காட்டல் வேண்டும்.

மாநிலங்களிடையே வரிப் பகிர்வுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு 2011 மக்கள்தொகைக்கு 15 சதவீத எடை அளித்தது. இத்தகைய முடிவுகளுக்கு அடிப்படையாகும் அட்டவணையில் ஓர் இலக்கம் பிறழப் படிக்கப்பட்டாலும் விளைவு மக்களையே சென்றடையும்.