புழுவின் வயிற்றில்தான் சாவி

கொண்டைக்கடலையில் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் அடிக்கச் சொல்கிறார்கள். காய்ந்த இலையில் வைரஸ் தாக்குப்பிடிக்குமா? எப்போது அடிப்பது?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

மாலையில் அடியுங்கள், வெயிலின் புற ஊதாக் கதிர்தான் அதற்கு எமன். காய்ந்த இலையைப் பற்றிக் கவலை வேண்டாம், வைரஸ் கவசத்தோடுதான் வருகிறது. வைரஸின் மரபணு ஒன்று ‘பாலிஹெட்ரின்’ என்ற புரதத்தைச் செய்கிறது. ஏறத்தாழ 245 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் புரதம் அடுக்கடுக்காகக் கோத்துப் படிகமாகி, வைரஸை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். பூட்டைத் திறப்பது புழுவின் குடலிலுள்ள கடுங்காரம். ஆகவே புழு தின்றால்தான் வேலை நடக்கும். மேலே பட்டால் போதாது. புழு சிறிதாக இருக்கும்போதே இலை, காயெல்லாம் நனைய அடியுங்கள். சாக நாலைந்து நாளாகும். அதற்குள் பொறுமையிழந்து மருந்துக்கடைக்கு ஓடிவிடாதீர்கள்.