குளியலறைக்கு மர ஸ்டூல்: பார்த்து வாங்கும் முறை

காலை முதல் இரவு வரை கல்லாவிலும் தராசிலும் நிற்கிற நமக்கு, அறுபதைத் தாண்டியதும் முதலில் பேசுவது முழங்கால்தான். தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் பக்கமெல்லாம் பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. குளியலறைத் தரை வழவழப்பான டைல்ஸ். சோப்புத் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று மறு காலைத் தேய்ப்பது இடுப்பெலும்பை அடகு வைப்பதற்குச் சமம். உட்கார்ந்து குளிப்பதே உத்தமம். அதற்கான மர ஸ்டூலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மரம்: தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஆனால் பெயர் மட்டும் போதாது. நடுவிலுள்ள வைரம் பாய்ந்த பகுதிதான் ஈரத்தைத் தாங்கும்; ஓரத்து வெளிறிய பகுதி தேக்கானாலும் உளுத்துவிடும். வேங்கை உறுதியானது, ஆனால் நனைந்தால் சாயம் விடும், துண்டில் கறை படியும். பெட்டி அடிக்கும் மரம் வேண்டவே வேண்டாம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள், ஐ.எஸ். 303 பொது உபயோகத்துக்கானது.

அமைப்பு: உயரம் 16 முதல் 18 அங்குலம். மூன்று கால் ஸ்டூல் மேடுபள்ளத்தில் ஆடாது. ஆனால் ஓரத்தில் சாய்ந்தால் கவிழும். முதியவர்களுக்கு நான்கு காலே நல்லது. தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். போட்டு அசைத்துப் பார்த்து, ஆடினால் காலைச் சீவச் சொல்லுங்கள். கால்களுக்கு ரப்பர் குமிழ் அவசியம். மேல்பலகை ஒரே பலகையாக இல்லாமல், கால் அங்குல இடைவெளி விட்ட சட்டங்களாக இருந்தால் தண்ணீர் வடியும். இரும்பு ஆணி துருவேறி மரத்தையும் கெடுக்கும்; பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணி கேளுங்கள்.

கணக்கு: ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குல கனம் கொண்ட மேல்பலகைக்கு 1/8 கன அடி மரம். கால், குறுக்குச் சட்டம், சேதாரம் எல்லாம் சேர்த்தும் அரை கன அடிக்குள் அடங்கும். வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் பழைய தேக்குச் சட்டம் இதற்குப் போதும். உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பராமரிப்பு: குடோனில் மூட்டைக்கடியில் கட்டை போட்டுக் காற்றோட விடுகிறோமே, அதே விதிதான். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை உளுக்க வைக்காது. குளித்ததும் நல்ல தண்ணீரில் ஒருமுறை கழுவி, சாய்த்து நிறுத்துங்கள். போர் தண்ணீர் உப்புப் படிந்தால் தேங்காய் நாரால் தேயுங்கள்.

கடைக்குத் தராசு வாங்கும்போது எத்தனை சோதனை செய்கிறோம்! நம் உடம்பு உட்காரும் பலகைக்கும் அதில் பாதியாவது செய்வோம்.