ஹோம் தியேட்டருக்கு ஸ்பீக்கர் வாங்குமுன் தெரிந்துகொள்வோம்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலத்தில் தோட்டத்து இளைஞர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ஹோம் தியேட்டர் ஒன்னு எடுக்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" என்பதாகும். நாள் முழுக்க மலையில் நின்று வேலை செய்த உடம்புக்குப் படமும் பாட்டும் ஓர் ஆறுதல்தான். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் விபரம் தெரியாமல் வாங்கினால் காசும் போகும், பக்கத்துக் காம்பராவோடு மனஸ்தாபமும் வந்து சேரும். ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

5.1 என்றால் என்ன?

ஐந்து ஸ்பீக்கர்களும், அடிச்சத்தத்துக்கு 'சப்வூஃபர்' என்ற பெட்டி ஒன்றும் சேர்ந்ததே 5.1. டி.வி.க்கு இரண்டு பக்கமும் இரண்டு, நடுவில் ஒன்று, நாம் உட்காரும் இடத்துக்கு இரு பக்கமும் இரண்டு. இந்தக் கடைசி இரண்டுக்குத்தான் 'சரவுண்ட்' என்று பெயர். 1992இல் வந்த 'பேட்மன் ரிட்டர்ன்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தின் மூலம் டொல்பி டிஜிட்டல் முறை தியேட்டர்களுக்கு வந்தது. பிறகு அது வீடுகளுக்கும் வந்தது.

படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். மழை, காற்று, கூட்டத்தின் ஆரவாரம் போன்றவையே சரவுண்டில் அதிகம் வரும். எனவே கையிலிருக்கும் காசில் பெரிய பங்கை முன்பக்க மூன்றுக்கும் ஒதுக்குங்கள். சரவுண்டுக்குச் சின்னப் பெட்டிகள் இரண்டு போதும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வாட்ஸ் கணக்கு. பெட்டியின் மேல் '3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பி.எம்.பி.ஓ.வை அளக்க ஒரு பொதுவான முறையே கிடையாது. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பெட்டியைத் திருப்பி, எத்தனை வாட்ஸ் மின்சாரம் எடுக்கும் என்று பாருங்கள். 60 வாட்ஸ் மின்சாரம் எடுக்கும் பெட்டி, அதற்கு மேல் சத்தத்தைத் தொடர்ந்து எப்படிக் கொடுக்கும்? நீங்களே யோசியுங்கள்.

இரண்டாவது, ஓம்ஸ். ஸ்பீக்கரில் 4, 6, 8 என்று ஓர் எண் இருக்கும். அம்ப்ளிஃபயரில் குறித்திருப்பதை விடக் குறைந்த எண்ணுள்ள ஸ்பீக்கரைக் கொடுத்தால் அம்ப்ளிஃபயர் சூடாகிப் பழுதாகலாம்.

மூன்றாவது, இணைக்கும் வழி. சிவப்பு, வெள்ளை வயர் இரண்டில் ஸ்டீரியோ மட்டுமே வரும். 5.1 சத்தம் டி.வி.யிலிருந்து வர வேண்டுமானால் 'ஆப்டிக்கல்' அல்லது 'எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.' வழி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். பார்க்கும் படத்திலும் 5.1 ஒலி பதிந்திருக்க வேண்டும்.

நான்காவது, ஒரேயடியாக எல்லாம் வாங்க வேண்டுமென்பதில்லை. ஐந்து ஸ்பீக்கர் கொடுக்கக்கூடிய அம்ப்ளிஃபயரும் முன்பக்க இரண்டும் முதலில் எடுக்கலாம். பிறகு நடு ஸ்பீக்கர், அதற்குப் பிறகு சரவுண்ட். பிளக் தனி மாதிரியாக உள்ள செட்டுகளில் ஒரு ஸ்பீக்கர் பழுதானால் வேறு போடுவது சிரமம் என்பதையும் மனதில் வையுங்கள்.

காம்பராவில் எங்கே வைப்பது?

10க்கு 12 அடி அறையில் சரவுண்ட் ஸ்பீக்கரைக் காதுக்குப் பக்கத்திலேயே வைத்தால் அதன் சத்தம் மட்டுமே கேட்கும். உட்காருபவரின் இரு பக்கத்திலும், சற்றுப் பின்னால், காது மட்டத்துக்கு ஓரடி இரண்டடி மேலே சுவரில் மாட்டுங்கள். வயரில் கூட்டல், கழித்தல் அடையாளம் மாறக்கூடாது. மாறினால் அடிச்சத்தம் மெலிந்துவிடும்.

சப்வூஃபர் விஷயத்தில்தான் லயத்தில் சண்டை வருகிறது. அடிச்சத்தம் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், விடியப் பெரட்டுக்குப் போக வேண்டிய அக்கா தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே அந்தப் பெட்டியைப் பொதுச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், இரவில் அதன் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். பேச்சு கேட்க நடு ஸ்பீக்கரே போதும்.

ஈரச் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம். இடி மின்னல் வருமுன் பிளக்கைக் கழற்றி வையுங்கள். ஒரே பிளக்கில் நாலைந்து இணைப்பு எடுப்பதும், வெறும் வயரைச் செருகுவதும் உயிருக்கே ஆபத்து.

தவணைக் கணக்கு

ஓர் உதாரணம் பார்ப்போம். கைக்காசுக்கு 40,000 ரூபா செட். தவணைக்கு எடுத்தால் முதலில் 10,000, பிறகு மாதம் 3,500 வீதம் 12 மாதம். கூட்டினால் 52,000. மேலதிகமாகப் போவது 12,000 ரூபா! மாதம் 3,500தானே என்று நினைக்கிறோம், கூட்டிப் பார்ப்பதில்லை. அதே 3,500ஐ ஒரு வருஷம் சேர்த்தால் 42,000 ஆகிறது. முற்பணமாகக் கொடுக்கும் 10,000மும் கையில் மிஞ்சும். வேலை நாள் குறைந்த மாதத்தில் தவணை கட்ட நகையை அடகு வைக்கவும் வேண்டியதில்லை.

எப்படி வாங்கினாலும் பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. முறைப்பாடு இருந்தால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமாக, கொழுந்து பறித்துச் சம்பாதிக்கும் அம்மாவின் சம்மதத்தைக் கேளுங்கள். அவருடைய நாட்சம்பளத்தில் வாங்கும் பொருளை அவரும் உட்கார்ந்து ரசிக்க வேண்டுமல்லவா?