மொழி கற்போம்: 'உம்' கொட்டுவதும் ஒரு பாடம்

நன்னிமா கதை சொன்னால் பிள்ளைகள் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால், பிள்ளை தூங்கிவிட்டது என்று கதையும் நின்றுவிடும். கேட்பவர் தரும் இந்தச் சின்ன அடையாளத்துக்கு அமெரிக்க மொழியியலாளர் விக்டர் இங்வே 1970-இல் 'பேக் சேனல்' என்று பெயரிட்டார். இதன் முறை மொழிக்கு மொழி மாறும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிஸான் 2010-இலும் கார் உற்பத்தியைத் தொடங்கின. இன்று இந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் பல மொழிக்காரர்களோடு நம் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சொற்களை மனப்பாடம் செய்யும் நாம், கேட்கும் முறையையும் கற்க வேண்டும்.

ஜப்பானிய மொழி: இதை 'ஐஸுச்சி' என்பார்கள். கொல்லன் பட்டறையில் குருவும் சீடனும் மாறி மாறிச் சம்மட்டி அடிப்பதிலிருந்து வந்த சொல். எதிரில் இருப்பவர் பேசும்போதே 'ஹாய், ஹாய்' என்பார்கள். 'கேட்கிறேன்' என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சம்மதம் என்று எண்ணிவிடக் கூடாது. நாம் மரியாதைக்காக வாய்மூடி நின்றால், கவனிக்கவில்லையோ என்று அவர்கள் நினைக்கக்கூடும்.

ஆங்கிலம்: பேசுபவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது 'ஐ ஸீ', 'ரைட்', 'ஓகே' என்று ஒன்று சொன்னால் போதும். 'எஸ், எஸ், எஸ்' என்று அடுக்கினால் அவசரப்படுத்துவதுபோல் இருக்கும்.

இந்தி: 'ஜீ', 'ஹாங்', 'அச்சா'. உருது பேசும் வீடுகளுக்கு இது பழகியதே.

தலையாட்டல்: நாம் பக்கவாட்டில் ஆட்டுவதை வெளிநாட்டவர் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாம். வாயாலும் சொல்லுங்கள். போனில் தலையாட்டல் தெரியவே தெரியாது.

புரியாமல் 'எஸ்' வேண்டாம்

மெஷினை எப்படி நிறுத்துவது என்று சூப்பர்வைசர் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்தவர் பாதிதான் புரிந்தாலும் வெட்கத்தில் 'எஸ் சார்' என்கிறார். சொன்னவர் நம்பிப் போய்விடுவார், ஆபத்து கைக்குத்தான். 'கேட்கிறேன்' வேறு, 'புரிந்தது' வேறு.

புரியவில்லையா? தயங்காமல் கேளுங்கள்:
• ஆங்கிலத்தில்: 'ஒன்ஸ் மோர், ப்ளீஸ்.'
• இந்தியில்: 'ஃபிர் ஸே போலியே.'
• ஜப்பானிய மொழியில்: 'மோ இச்சிதோ ஒனேகாய் ஷிமாஸ்.'

புரிந்ததா? கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: 'ஃபர்ஸ்ட் ஸ்விட்ச் ஆஃப், தென் ஓபன். கரெக்டா சார்?' தவறு இருந்தால் அங்கேயே திருந்திவிடும். மருத்துவமனையில் மாத்திரை வேளையைக் கேட்டு வரும் தாய்மார்களுக்கும் இதே முறை உதவும்.

வீட்டுப் பயிற்சி: ஒருவர் ஐந்து நிமிடம் ஒரு வேலையை ஆங்கிலத்தில் விளக்கட்டும். மற்றவர் இடையில் மூன்று அடையாளம் தந்து, ஒரு கேள்வி கேட்டு, முடிவில் திருப்பிச் சொல்லட்டும். பிறகு இடம் மாறுங்கள். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செய்துபார்ப்போம்.