ஊர்ச் சுவையும் கையெழுத்துத் தாளும்

உணவைப் பற்றி எழுதுதல் எளிதென எண்ணுவோர் பலர். ஆயினும், தம் ஊர்ப் பண்டம் ஒன்றைப் பொருளாகக் கொண்டு மாணவர் சிலர் கையெழுத்துச் செய்தித்தாள் ஒன்றை இயற்றப் புகுவரேல், முதற் பத்தியிலேயே அதன் அருமை அவர்க்கு விளங்கும். அம்முயற்சி நடைபெறும் முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வோம்.

தமிழுக்கு இத்துறை புதிதன்று. பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்கள், பரிசில் நாடிச் செல்லும் கலைஞனுக்கு இன்ன நிலத்தில் இன்ன உணவு கிடைக்கும் என நிலந்தோறும் எடுத்துரைக்கின்றன. உணவைக் கூறுமுகத்தான் நிலத்தையும் மாந்தரையும் கூறுவது நம் முன்னோர் கண்ட நெறியாகும்.

அச்சும் கணினியும் மலிந்த இந்நாளில் கையால் எழுதுவானேன் எனச் சிலர் வினவலாம். சென்னையில் 1927ஆம் ஆண்டு தோன்றிய 'தி முசல்மான்' என்னும் உருது நாளிதழ், பல பத்தாண்டுகள் எழுத்தர் கையால் வரையப்பெற்று, பின்னரே அச்சேறியது. அதன் பக்கங்களோ நான்கே. கையால் எழுதுவோன் ஒவ்வொரு சொல்லுக்கும் உழைப்பை விலையாகக் கொடுக்கின்றான். ஆதலின் வீண்சொல்லை விரும்பான். குன்றக் கூறுதலையும் மிகைபடக் கூறுதலையும் நன்னூலார் பத்துக் குற்றங்களுள் வைத்தார். அவ்விரண்டையும் கடிய இதனினும் சிறந்த பயிற்சி அரிது.

இனி, செய்முறையைக் காண்போம். முதலாவது, பொருளைச் சுருக்குதல் வேண்டும். 'தென்பாண்டி நாட்டு உணவுகள்' எனத் தலைப்பிட்டால் பெயர்ப் பட்டியலே மிஞ்சும். அல்வா, கடலைமிட்டாய், கருப்பட்டி என்பவற்றுள் ஒன்றே ஒரு தாளுக்குப் போதும். நாம் உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது, தொழில் செய்வாரிடம் சென்று கேட்டறிதல் வேண்டும். பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டுகின்றார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடியும் சாறு பதநீராய் நிற்கும். தடவாவிடின் புளித்துக் கள்ளாகும். அப்பதநீரைக் காய்ச்சும் குடில் விடிலி எனப்படும். இறுகுவதற்கு முன்னுள்ள பாகைக் கூப்பனி என்பர். அதனைத் தக்க பதத்தில் சிரட்டைகளில் வார்த்து ஆறவிடக் கருப்பட்டி பிறக்கின்றது. மரம் ஏறுவார் பெயரோடு, புகையில் நின்று பாகு கிண்டும் பெண்டிர் உழைப்பும் தாளில் இடம்பெறல் வேண்டும். உண்பார் அவரை மறத்தல் எளிது. எழுதுவார் மறத்தல் முறையன்று.

மூன்றாவது, அறிந்ததையும் கேட்டதையும் பிரித்தெழுதுதல் வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டிலும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019ஆம் ஆண்டிலும் பெற்றன. இவை பதிவேட்டில் உள்ளவை. நெல்லை அல்வாவின் சுவைக்குத் தாமிரபரணி நீரே காரணம் என்பதோ ஊரார் கூற்று. அதனைத் தள்ள வேண்டுவதில்லை. 'என்பர்' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தாற் போதும். அச்சிறு சொல் எழுதுவோனது நேர்மைக்குச் சான்றாய் நிற்கும். அன்றியும், ஊர்ப்பற்று மிகுந்து, எல்லாம் நம்மூரிலேயே தோன்றின என எழுதலாகாது. கடலைமிட்டாய்க்குரிய நிலக்கடலையும், தூத்துக்குடி மக்ரூனுக்குரிய முந்திரியும் தென் அமெரிக்காவினின்று கடல் கடந்து வந்தவை. வந்ததைத் தனதாக்கிக் கொண்டதும் ஊரின் பெருமையே.

நான்காவது, அளவைத் திருத்தமாகக் குறித்தல் வேண்டும். பாட்டியார் 'ஓர் உழக்கு' என்றால் அச்சொல்லை மாற்றாது எழுதுக. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்பது வாய்பாடு. எனினும் படி ஊருக்கு ஊர் வேறுபட்டமையால், அவர் கையாளும் பாத்திரத்தையே அளந்து, இக்கால அளவை அருகில் குறிப்பது நலம்.

ஐந்தாவது, தாளை வகுத்தல். பெரிய தாளொன்றில் பென்சிலால் பத்திகளைக் கோடிட்டு, தலைப்பு, தலையங்கம், செய்முறை, தொழிலாளர் உரையாடல், ஊர்ப்படம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்குக. மூலையில் 'சொல்லடைவு' என ஒரு கட்டம் அமைத்தல் இன்றியமையாதது. எழுத்தழகு உள்ளவர் எழுதுக. பிழை காணும் கண்ணுடையார் மைக்கு முன்னரே படித்துத் திருத்துக.

சொல்லடைவை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பனை, 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். எனினும் பனையேறுவார் தொகை குறைந்து வருகின்றது. தொழில் ஓயின், விடிலி, கூப்பனி முதலிய சொற்களும் வழக்கொழியும். தமிழ் பயிலும் நாம் ஏட்டுச் சொற்களுக்கு உரை தேடி அலைகின்றோம். நம் அண்டை வீட்டு அடுப்பங்கரையில் உயிரோடு உள்ள சொற்களைக் கேளாது விடுகின்றோம். அவற்றைச் சொல்வார் உள்ளபோதே சென்று கேட்டல் நம் கடன்.

தாள் முடிந்தபின், செய்தி தந்தவரிடமே அதனை முதலிற் கொண்டு சென்று படித்துக் காட்டுக. 'ஆம், இப்படித்தான்' என அவர் தலையசைப்பாராயின், அதுவே தேர்விற் பெறும் மதிப்பெண்ணினும் பெரிது.