உங்கள் பாட்டியும் ஒரு கவிஞரா?

கொள்ளுப்பாட்டி பாட்டுக் கட்டுவார் என்று வீட்டில் யாராவது சொன்னால், உடனே தேடத் தொடங்குங்கள்.

* முதலில் குடும்பத்தின் மூத்த பெண்களிடம் கேளுங்கள். நலங்கு, ஊஞ்சல், கும்மிப் பாட்டுகளை அவர்கள் பாடும்போது செல்பேசியில் பதிவு செய்யுங்கள். நினைவில் இருப்பது பல்லவி மட்டுமானாலும் போதும்.

* பழைய நோட்டுப் புத்தகம் கிடைத்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

* அச்சான நூல் என்றால் முகப்பையும் சிறப்புப்பாயிரத்தையும் (நூலைப் பாராட்டிப் பிறர் பாடிய பாக்கள்) கவனியுங்கள். ஊர், தந்தை பெயர், அச்சகம், ஆண்டு ஆகியவை அங்கே இருக்கலாம்.

* பெயரைப் பல விதமாகத் தேடுங்கள்: ‘அம்மாள்’ சேர்த்தும் விட்டும், தலைப்பெழுத்தை மாற்றியும், ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் குமாரத்தி’ என்றும்.

* சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் மூன்றிலும் பாருங்கள். சிந்தாமணி, ஜகன்மோகினி போன்ற பழைய பெண்கள் இதழ்களையும் புரட்டுங்கள்.

* 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூல்களைப் பதிய வேண்டியிருந்தது. அப்படிப் பதிந்த நூல்களுக்கான சென்னை மாகாணத்தின் காலாண்டுப் பட்டியல்களில் நூலாசிரியர் பெயர் கிடைக்கக்கூடும்.

* இந்தியாவில் பொதுவாக ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதற்குள் வெளியிடுவதானால் வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

* கிடைத்ததன் பிரதியை ஒரு நூலகத்துக்கும் கொடுங்கள். பாட்டியின் எழுத்து நம் வீட்டோடு நின்றுவிடக் கூடாது.