காலப்படி

பகலெல்லாம் வெயிலிற் காய்ந்த செங்கற்சுவர், கதிரவன் மறைந்த பின்னரும் நெடுநேரம் வெம்மையை உமிழ்ந்துகொண்டிருக்கும். அதன் முகத்தைத் தழுவிச் செல்லும் காற்றோ ஒரு நொடியில் வந்து மறு நொடியில் அகன்றுவிடும். இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் வெப்பப் பரிமாற்றத்தைக் கணிப்பொறியாற் கணக்கிட விழைவோர், முதற்கண் காலத்தை எத்துணைச் சிறு படிகளாகப் பகுப்பது என்று ஆராய்தல் வேண்டும்.

காற்றையும் சுவரையும் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு மீட்டர் செல்லும் காற்று, ஒரு கட்டத்தைக் கடக்க நொடியில் நூற்றில் ஒரு பங்கே ஆகும். முந்திய படியின் மதிப்புகளைக் கொண்டே அடுத்த படியைக் காணும் எளிய முறையில், காலப்படி இதனினும் நீளுதல் ஆகாது. நீண்டால், காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிச் சென்றதைக் கணக்கு அறியாது. பிழை படிதோறும் பெருகும். இத்தகைய வரம்பைக் கூரந்த், பிரீட்ரிக்ஸ், லேவி என்னும் மூவர் 1928-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் நிறுவினர். மின்னணுக் கணிப்பொறி தோன்றாத காலம் அது!

சுவருக்கு விதி வேறு. அங்கே வெப்பம் பாய்வதில்லை. கட்டத்திற்குக் கட்டம் மெல்லப் பரவுகிறது. படி மிக நீண்டால், சூடான கட்டம் தன் அண்டைக்கு அளவுக்கு மீறி வழங்கி, அதனினும் குளிர்ந்ததாகக் கணக்கிற் தோன்றும். இஃது இயற்கைக்கு மாறு. செங்கல்லில் இதற்கான வரம்பு ஏறத்தாழ 100 நொடி. கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கினால் காற்றின் படி பாதியாகும். சுவரின் படியோ காற்பங்காகும்.

ஆகவே, சுவரின் ஒரு படிக்குள் காற்று பதினாயிரம் படிகள் நடக்கவேண்டும். இருபது சென்டிமீட்டர்ச் சுவர் முழுவதும் வெப்பம் ஊடுருவ ஒரு நாளளவு ஆகும். அதற்குள் காற்றின் படிகள் எண்பது இலட்சத்தை எட்டும். எனவே அறிஞர் இரண்டிற்கும் தனித்தனிப் படி வகுப்பர். சுவரின் முகவெப்பநிலையைக் காற்றின் கணக்கிற்கும், காற்று கொணரும் வெப்பத்தைச் சுவரின் கணக்கிற்கும் அவ்வப்போது மாற்றிக் கொடுப்பர்.

கிராங்க் என்பவரும் பில்லிஸ் நிக்கல்சன் அம்மையாரும் 1947-இல் வெளியிட்ட முறையிற் படி எவ்வளவு நீண்டாலும் கணக்கு நிலைகுலையாது. எனினும் நிலைகுலையாமை வேறு, உண்மையோடு ஒத்தல் வேறு. சுடுசுவரின்மேல் திடீரென மழை பெய்தால், அதன் முகம் சில நொடிகளிற் குளிர்ந்துவிடும். 100 நொடிக்கு ஒருமுறை நோக்கும் கணக்கு அதனைக் காணாது. அப்போது படியைக் குறுக்கி, முகத்தின் வெப்பநிலை மாறுவது மந்தமான பின் மீண்டும் நீட்டிக்கொள்வர்.